வெள்ளை ரத்தமும் மூன்றாவது ஓலையும்

என் உடம்பில் ஓடுவது ரத்தமே இல்லை என்று ஒருவர் மாதா கோயிலின் நடுவில் எழுந்து நின்று சொன்னபோது எனக்கு வயது முப்பத்தொன்பது. அதுவரை என்னைப் பற்றி யாரும் எழுந்து நின்று எதையும் சொன்னதில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். கூச்ச சுபாவம். கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுவேன். கல்யாணம் தள்ளிப் போனதற்கும் அதுதான் காரணம். பெண் பார்க்கப் போன இடங்களிலெல்லாம் நான் தட்டில் இருந்த பூந்தியைப் பார்த்துவிட்டு வந்தேன். பெண் எப்படி என்று வீட்டில் கேட்டால் பூந்தி நன்றாக இருந்தது என்பேன்.

என் சுபாவத்துக்கு ஏற்ற வேலை ஒன்று கிடைத்திருந்தது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில், வல்லம் தாண்டி, ஒரு மருந்து கம்பெனி தன் ஆராய்ச்சிக்கூடத்தை வைத்திருந்தது. சுற்றிலும் நெல் வயல். நடுவில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான ஷெட். ஷெட்டின் ஒரு பாதியில் முயல்கள் இருந்தன, மறுபாதியில் டாக்டரம்மா இருந்தார். முயல்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. முயல் எதுவும் கேட்காது என்பதால் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை.

எண்பதுகள் தொடங்கியிருந்த சமயம். வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே பனிக்கட்டியாக உறைந்த சில புட்டிகள். உருக வைத்தால் பார்ப்பதற்கு அப்படியே பசும்பால். அது செயற்கை ரத்தம் என்றார் டாக்டரம்மா. நாம் இழுக்கும் மூச்சிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு போய் உடம்பு முழுக்கக் கொடுப்பதுதான் ரத்தத்தின் முக்கிய வேலை. இந்த வெள்ளைத் திரவமும் அந்த வேலையைச் செய்யுமாம். செய்யட்டும், ஆனால் அது உள்ளே போனால் மூளையில் இருக்கும் ரத்தக்குழாய்கள் என்ன ஆகும்? அதைத்தான் அவர் பார்க்க வேண்டியிருந்தது.

பார்ப்பது என்றால் நிஜமாகவே பார்ப்பது. முயலுக்கு மயக்க மருந்து கொடுத்து, மண்டையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டு, கண்ணாடி பதிப்பார். வீட்டுக்கு ஜன்னல் வைப்பது போலத்தான். அதன் மேல் மைக்ராஸ்கோப்பைக் கொண்டுவந்து நிறுத்துவார். உள்ளே மெல்லிய சிவப்புக் குழாய்கள் தெரியும். மைக்ராஸ்கோப்புக்குள்ளேயே ஒரு சின்ன அளவுகோல் உண்டு. குழாய் எத்தனை கோடு அகலம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். டாக்டரம்மாவின் கை மருந்து ஏற்றுவதில் இருக்கும் என்பதால் அந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். எண்கள்தானே, ஐந்தாம் வகுப்பு போதும்.

"பன்னிரண்டு" என்பேன்.

"சத்தமா சொல்லுங்க. முயலுக்குச் சொல்றீங்களா, எனக்குச் சொல்றீங்களா?" என்பார்.

திரவம் ஏறி, முயலுக்கு ஆக்சிஜன் குழாயும் வைத்த கொஞ்ச நேரத்தில் ரத்தக்குழாய்கள் சுருங்கத் தொடங்கும். பன்னிரண்டு பதினொன்றாகும். பதினொன்று பத்தாகும். ஆக்சிஜன் தேவைக்கு மேல் கிடைத்தால் மூளை தன் குழாயைத் தானே சின்னதாக்கிக்கொள்ளும் என்று டாக்டரம்மா விளக்கினார். இது அந்தச் சுருக்கம்தானா, இல்லை இந்தத் திரவம் குழாயையே கெடுக்கிறதா என்பதுதான் அவருடைய கவலை. எனக்கு அந்தக் கவலை இல்லை. எல்லாம் தன் பக்கமே வரும்போது ஒன்று ஏன் சுருங்கிக்கொள்கிறது என்பது எனக்கு விளக்காமலே புரிந்தது. கோயிலில் பாட்டுப் புத்தகத்தை யாராவது என்னிடம் நீட்டினால் நானும் பன்னிரண்டிலிருந்து எட்டுக்கு வந்துவிடுவேன்.

இந்தச் சமயத்தில்தான் எனக்கு ஓர் இடம் அமைந்தது. பெண்ணுக்கு முப்பத்திரண்டு வயது. பல்பு செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. அப்பா ஒரகடம் பக்கத்துக் கல் குவாரியில் வேலை செய்யும்போது இறந்தவர். அம்மாவும் இல்லை. தாய்மாமன்தான் வளர்த்தார். அவர் பால் சங்கத்தில் பால் அளக்கிறவர். எங்கள் ஊர்க்காரர், எங்கள் கோயில்காரர். பெண் பார்த்தபோது வழக்கம்போல நான் தட்டைத்தான் பார்த்தேன். இருந்தும் அந்தப் பக்கத்திலிருந்து சரி என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை, இன்னொரு முறை ஆளனுப்பிக் கேட்டார்கள். அப்போதும் சரி என்றார்கள்.

எங்கள் கோயில் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் அறிவிக்க வேண்டும் என்று பூசையில் படிப்பார்கள். முதல் ஓலை நல்லபடியாகப் படித்தாகிவிட்டது. பெயரைக் கேட்டதும் நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மின்சாரம் நின்றது. மதியமாகியும் வரவில்லை. புட்டிகள் கெட்டுவிடும் என்று டாக்டரம்மா பதறினார். பால் சங்கத்தில் ஐஸ் பெட்டி இருக்கிறது என்று நான் சொன்னேன். நானாக வாய் திறந்து சொன்ன யோசனை என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். புட்டிகளை வைக்கோலில் பொதிந்து சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். திறந்து பாதி மீந்திருந்த புட்டி ஒன்றும் அதில் இருந்தது. என் இடது கையில் பிளாஸ்திரி. முயல் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க மனித ரத்தம் கொஞ்சம் வேண்டும் என்று டாக்டரம்மா காலையில்தான் எடுத்திருந்தார். வாட்ச்மேனும் டிரைவரும் மாட்டேன் என்றார்கள். எனக்கு மாட்டேன் என்று சொல்ல வராது.

பால் சங்கத்தில் மாமா இருந்தார். வெள்ளையாக எதைக் கண்டாலும் பால்மானியை முக்கிவிடுவது அவர் பழக்கம். பாலில் தண்ணீர் கலந்திருந்தால் அந்தக் கண்ணாடிக் குழல் ஆழமாக இறங்கும், நல்ல பாலில் மேலே நிற்கும். நான் ஐஸ் பெட்டியில் மற்ற புட்டிகளை அடுக்கித் திரும்புவதற்குள் பாதிப் புட்டியை ஒரு குவளையில் ஊற்றி அளந்துகொண்டிருந்தார். பால்மானி இறங்கவே இல்லை. யாரோ அடியிலிருந்து தள்ளிவிட்ட மாதிரி, கோடுகள் அத்தனையும் வெளியே தெரிய, நெட்டுக்குத்தாக நின்றது.

மாமாவின் கண்கள் விரிந்தன.

"இன்னா மாப்ள இது! இருபது வருசமா பால் அளக்கறேன். இப்டி ஒரு பால் பாத்ததில்ல. ஒரு சொட்டுத் தண்ணி கலக்கலியே. எந்த வூட்டு மாடு?"

"பால் இல்லீங்க" என்றேன். "ரத்தம்."

அவர் குவளையைப் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த பிளாஸ்திரியைப் பார்த்தார். மறுபடி குவளையைப் பார்த்தார்.

"உன்னுதா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் ரத்தமும் காலையில் எடுத்தது உண்மை. அது வேறு, இது வேறு, இது எங்கிருந்து வந்தது, அது எதற்காக எடுத்தது என்று எதை முதலில் சொல்வது என மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். வரிசை சரியாக வந்தபோது மாமா குவளையைக் கீழே வைத்துவிட்டு, கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது ஞாயிறு ஓலை வாசித்து முடித்ததும் எழுந்து நின்றவர் அவர்தான்.

"சாமி, தடை கீது."

பங்குச்சாமியார் கண்ணாடியைக் கழற்றினார். "பூசை முடிந்ததும் வந்து சொல்லுங்கள்."

"இல்ல சாமி, இப்பவே சொல்லிடறேன். மாப்ள உடம்புல ஓடறது ரத்தமே இல்ல. அந்த முயல் கம்பெனில செவப்பை உறிஞ்சிட்டு வெள்ளையை ஊத்தி வுட்டுட்டாங்க. என் கண்ணால பாத்தேன். போன திருநாளுக்கு சப்பரம் தூக்கறப்ப மயக்கம் போட்டு வுழுந்தாரே, அதுக்கு இதான் காரணம்."

கோயில் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. நான் மூன்று கோடு அகலத்துக்கு வந்துவிட்டேன்.

சாமியார் பொறுமையாகச் சொன்னார்: "ரத்தத்தின் நிறம் திருமணத்துக்குத் தடை என்று திருச்சபைச் சட்டத்தில் இல்லை. நெருங்கிய ரத்த உறவுதான் தடை."

"ரத்த உறவே தடைன்னா, ரத்தமே இல்லாதது எம்மாம் பெரிய தடை சாமி?"

சாமியார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். குருமடத்தில் அதற்குப் பதில் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை போலிருக்கிறது. மூன்றாவது ஞாயிறுக்குள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவோம், தடை இல்லை என்றால் ஓலை வாசிப்பேன், இருந்தால் வாசிக்க மாட்டேன் என்றார்.

மாமாவின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வெளியே வந்தபோது அவர் கோயில் சுவரில் சாய்ந்து நின்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "அப்பன் செத்தப்ப அதுக்கு நாலு வயசு. தூக்கினு வந்து வளத்தேன். பாதி காலியான ஆள் கையில குடுத்துட்டு, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?" அவர் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று எனக்கே உடனே கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த ஒரு வாரம் ஊரே என் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தது. டீக்கடைக்காரர், "உனக்கு டிகாஷன் மட்டும் குடுத்தா போதும், பால் உள்ளயே கீது" என்றார். பஸ் நிறுத்தத்தில் என் கையில் உட்கார்ந்த கொசுவைப் பக்கத்தில் நின்றவர் அடித்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். சிவப்பு. "இது வேற எவனையோ கட்ச்சிட்டு வந்த கொசு" என்று இன்னொருவர் தீர்ப்புச் சொன்னார். முடிதிருத்துகிறவர் கத்தியை என் தாடையில் வைத்து வழக்கத்தைவிட மெதுவாக, ஏதோ எதிர்பார்ப்போடு இழுத்தார். கடையில் நாலு பேர் பத்திரிகையை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள். அவர் கைத்திறமை நல்லது, ஒரு கீறல்கூட விழவில்லை. எல்லோருக்கும் ஏமாற்றம். எனக்கும்தான். கொஞ்சம் கீறியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

டாக்டரம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? சனிக்கிழமை மதியம் வாசலில் சாமியாரின் மொபெட்டும் மாமாவின் சைக்கிளும் வந்து நின்றபோதுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. சைக்கிளின் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். பல்பு கம்பெனியின் நீல யூனிஃபார்மோடு முதல் ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள்.

டாக்டரம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அன்றைக்குச் சோதனை நடந்துகொண்டிருந்தது. மாமாவை அழைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். "பாருங்க. வெள்ளைத் திரவம் முயலுக்குத்தான் போகுது. இவருக்கு இல்ல."

மாமா நெடுநேரம் குனிந்து பார்த்தார். "அடங்கொப்புரானே. கொயாய் சின்னதாவுதே."

"ஆமாம். அது ஏன்னு தெரிஞ்சுக்கத்தான் நாங்க இருக்கோம்."

"தெரிஞ்சிதா?"

"இன்னும் முழுசா தெரியல. ஆக்சிஜனைக் குறைச்சா திரும்பி விரியுது. அதனால குழாய் கெடலைன்னு நினைக்கிறேன். நினைக்கிறேன், அவ்வளவுதான்."

"தெரியாமயே ஊத்தறீங்க" என்றார் மாமா. டாக்டரம்மாவுக்கு அது சுருக்கென்று பட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊசியை எடுத்தார். என் விரலைக் குத்திக் காட்டினார். நல்ல சிவப்பாக ஒரு துளி வந்து நின்றது. சாமியார், "ஆண்டவருக்குத் தோத்திரம்" என்று மொபெட் சாவியை எடுத்தார்.

மாமா அசையவில்லை. "வெரலு சரி சாமி. இந்தம்மா ஆராய்ச்சி வெரல்லயா நடக்குது? மண்டைல இல்ல நடக்குது? மண்டைல இருக்கறது இன்னா கலருன்னு யாருக்குத் தெரியும்?"

நியாயமான கேள்வி என்று டாக்டரம்மாவே ஒப்புக்கொண்டார். என் மண்டையில் பொத்தான் அளவு ஜன்னல் வைப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் எல்லோரும் என் நெற்றியையே பார்த்தார்கள்.

பிறகு டாக்டரம்மா சொன்னார்: "ஒரு இடம் இருக்கு. கண்ணு. கண்ணுக்குள்ள பின்சுவத்துல ஓடற ரத்தக்குழாய் மூளைக்குழாய்க்குக் கூடப் பிறந்தது மாதிரி. உடம்புலயே அறுக்காம, கிழிக்காம ரத்தக்குழாயைப் பார்க்க முடியறது அங்கதான்."

கண்ணைப் பார்க்கும் கருவி ஒன்று அவரிடம் இருந்தது. கைப்பிடியில் விளக்கு, தலையில் ஒரு சின்ன லென்ஸ், பக்கத்தில் திருகும் சக்கரம். முதலில் கண்மணி விரிய சொட்டு மருந்து விட வேண்டும். சீக்கிரம் தெளிகிற மருந்து தீர்ந்துபோயிருந்தது. முயலுக்கு விடுகிற மருந்துதான் இருந்தது. அது மனிதருக்கும் ஆகும், ஆனால் ஒரு வாரத்துக்குக் கண் கூசும், எதுவும் சரியாகத் தெரியாது, பரவாயில்லையா என்று கேட்டார். எனக்கு மாட்டேன் என்று சொல்ல வராது என்பதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

அரை மணி நேரத்தில் உலகம் பஞ்சாகிவிட்டது. ஜன்னல்களைச் சாத்தினார்கள். ஸ்டூலில் என்னை உட்கார வைத்தார்கள்.

முதலில் மாமா. அவர் மீசை என் கன்னத்தில் குத்தியது. "செவப்பாத்தான் ஒரு வெளிச்சம் தெரியுது. ஆனா டார்ச்சை உள்ளங்கைக்கு அடியில வெச்சாலும் இப்டித்தான் தெரியும். கொயாய் எங்க?" கருவியை அப்படியும் இப்படியும் திருப்பினார். குழாய் அகப்படவில்லை.

அடுத்து சாமியார். நிறைய நேரம் பார்த்தார். "ஏதோ கருப்பாக, நீளமாக, வளைந்து தெரிகிறது" என்றார். "அது உங்க இமைமுடி ஃபாதர்" என்றார் டாக்டரம்மா. சாமியார் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நான் காணாமலே விசுவசிக்கிறேன்" என்றார்.

"நான் விசுவசிக்க மாட்டேன் சாமி" என்றார் மாமா. "அது வாழப்போற பொண்ணு. தெரிலன்னா தெரிலதான். நாளைக்கு ஓலை வேணாம்."

ஷெட்டின் அடுத்த பாதியில் ஒரு முயல் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. நான் ஏதாவது சொல்ல வேண்டிய இடம் அது. சொற்களை வரிசைப்படுத்தத் தொடங்கினேன்.

"குடு மாமா, நான் பாக்கறேன்" என்றாள் அவள்.

"உனக்கு இன்னாம்மா தெரியும்?"

"ஷிப்டு பூரா லைன்ல உக்காந்து நான் இன்னா பண்றேன்? பல்புக்குள்ள மசுரு மாதிரி கீற கம்பியை லென்ஸ் வெச்சிப் பாத்து, நல்லதை வுட்டு, கெட்டதைப் பொறுக்கிப் போடறேன். கண்ணும் கண்ணாடி மாதிரிதான? குடு."

அவள் கருவியை வாங்கினாள். சக்கரத்தை இரண்டு முறை திருகினாள். என் நெற்றியில் ஒரு கையை வைத்து இமையைக் கட்டைவிரலால் உயர்த்தினாள். கிட்டே வந்தாள். முப்பத்தொன்பது வருஷத்தில் ஒரு பெண்ணின் முகம் அவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. அந்த முகம் எனக்குத் தெரியவில்லை. ஒரு வெளிச்சம் மட்டும் தெரிந்தது. தேங்காய் எண்ணெய் வாசனையும் ஈயம் பற்றவைத்த வாசனையும் வந்தது. மூச்சு சீராக என் கன்னத்தில் பட்டது. ஒழுங்காக வேலை தெரிந்தவர்கள் வேலை செய்யும்போது விடுகிற மூச்சு.

"மரம் மாதிரி கெளை கெளையா கீது மாமா" என்றாள். "எல்லாமே செவப்பு. ரெண்டு தினுசா கீது. ஒல்லியா கீறது கொஞ்சம் வெளிர் செவப்பு. தடியா கீறது கறுத்த செவப்பு. வெள்ளை எங்கயும் இல்ல."

டாக்டரம்மா எழுந்து நின்றுவிட்டார். "அந்த ரெண்டு தினுசு என் கண்ணுக்குத் தெரிய ரெண்டு மாசம் ஆச்சு" என்றார்.

"எங்கயாவது வெட்டு, முறிவு கீதான்னும் பாத்துட்டேன். இல்ல." கொஞ்சம் நிறுத்தினாள். "தடியா கீறதுல ஒண்ணு மட்டும் துடிக்குது."

"அது சகஜம்" என்றார் டாக்டரம்மா.

அவள் கருவியை எடுக்கவில்லை. மாமாவுக்குக் கேட்காத குரலில் என்னைக் கேட்டாள்: "நீங்க பேசவே மாட்டீங்களா?"

வரிசைப்படுத்த நேரம் இல்லை. "பேசுவேன்" என்றேன்.

"இன்னாம்மா ஆச்சு? சொல்லு" என்றார் மாமா.

"பாஸ் மாமா" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.

மாமா போய் ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டார். பிறகு டாக்டரம்மாவிடம், அந்தப் பாதிப் புட்டியில் மிச்சம் ஏதாவது இருந்தால் பால்மானியை இன்னொரு தடவை முக்கிப் பார்க்கலாமா என்று கேட்டார். அவர் மனதை வேறு எது அழுத்திக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மறுநாள் மூன்றாவது ஓலை. வெளிச்சம் பட்டால் கண் கூசியதால் டாக்டரம்மா தன் கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்திருந்தார். ஓரத்தில் பூப்போட்ட, பெண்கள் போடுகிற கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன். தூணும் கூட்டமும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிந்தன. யார் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள், யார் சிரிக்கிறார்கள் என்று எதுவும் தெரியவில்லை. தெரியாததால் சுருங்கவும் தோன்றவில்லை. நடு பெஞ்சில், முழு அகலத்துக்கு உட்கார்ந்தேன்.

ஓலை வாசித்தார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் என்ற இடம் வந்ததும் மாமா இருமினார். கோயில் மொத்தமும் அவர் பக்கம் திரும்பிய சத்தம் கேட்டது.

"வெறும் இருமல்தான் சாமி. படிங்க" என்றார்.

பெண்கள் பக்கம் திரும்பினேன். நேற்றே நான் பேசுவேன் என்று சொல்லிவிட்டேன், இன்றைக்குச் சிரிக்கவாவது வேண்டாமா? மஞ்சளாக ஒரு புடவை மங்கலாகத் தெரிந்தது. அதைப் பார்த்து, எல்லோருக்கும் முன்னால், தாராளமாகச் சிரித்தேன். பூசை முடியும்வரை சிரித்தேன்.

அது மாதா சுரூபத்துக்குச் சாத்தியிருந்த பட்டு என்றும், தான் அன்றைக்குப் பச்சை கட்டிக்கொண்டு பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் இருந்ததாகவும் என் மனைவி பிறகு சொன்னாள். ஊரில் எல்லோரும் என் பக்தியைப் பற்றிப் பேசிக்கொண்டார்களாம்.